கப்பல் கேமின் கடைசிக் கதவு

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தக் கேம் பேச்ச எடுக்காத சாமி. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று காரில் ஏறும் முன்பும் சொன்னாள் காளியாத்தாள், ஏறிய பின்பும் சொன்னாள். ராசிபுரத்தில் பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது, மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் காதோடு இன்னொரு தரமும் சொன்னாள். நவநீதகிருஷ்ணன் ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. மகனுக்கு வயது முப்பத்தாறு. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடையில் நல்ல வேலை, சொந்த வீடு, குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவன் வயதுப் பையன்களுக்குப் பெண் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிற காலம் இது. வந்த ஓரிரண்டு இடங்களையும் அவன் வாயே கெடுத்தது. ஈரோட்டுப் பெண் ஒரு மரியாதைக்கு "பொழுதுபோக்கு என்னங்க?" என்று கேட்கப்போக, பழைய கம்ப்யூட்டர் கேம்கள் ஏன் இன்றைய கேம்களைவிட உசத்தி என்று ஆரம்பித்தவன், காப்பி ஆறி ஆடை படிந்து, பெண்ணின் சித்தப்பா வந்து தொண்டையைச் செருமும்வரை நிறுத்தவில்லை. பையன் ஒரு மாதிரி என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதிரியெல்லாம் இல்லை. அபிப்பிராயம் உள்ளவன், அவ்வளவுதான். யூடியூபில் முகம் காட்டாமல் குரலை மட்டும் வைத்து ஒரு சேனல் நடத்திவந்தான். எந்தப் பக்கம் போவது என்று இன்றைய கேமில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள், அது சாகசமா, இல்லை கைபிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வேலையா என்று அதில் கேட்பான். அந்தக் காலத்தில் வழி தவறினால் தவறியதுதான், காலண்டர் தாளின் முதுகில் நாமே வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும் என்பான். செத்தால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற பயம் இருந்ததால்தான் ஒரு குண்டு சுடுவதற்கும் யோசித்தோம் என்பான். எல்லாவற்றையும் கொங்குப் பேச்சிலேயே பேசுவான். கேட்பதற்கு ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள்.

அதில் அதிகம் பேர் பார்த்தது கப்பல் கேமைப் பற்றிய பேச்சு. அவன் பள்ளியில் படித்தபோது திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காப்பி போட்ட சிடி விற்றார்கள். மேலே மார்க்கரில் 'ஷிப்' என்று எழுதியிருக்கும், உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. காணாமல்போன தம்பியைத் தேடி ஒரு மாலுமி தீவுக்கு வருகிறான். கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏறுகிறான். அங்கே ஒரு கதவு. சாவியைப் போட்டுத் திருப்புகிறான், கதவு திறப்பதில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் திரை இருண்டு கேம் முடிந்துவிடுகிறது. உலகத்திலேயே துணிச்சலான முடிவு இதுதான், எல்லாக் கதவும் திறக்காது என்று சொல்ல ஒரு கேமுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்த வீடியோவில் குரல் தழுதழுக்கப் பேசியிருந்தான்.

போன மாதம் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் அதன் கீழே எழுதினான்: அது முடிவே இல்லை, கதவு திறக்கும், அதற்கு அப்புறமும் கதை இருக்கிறது. ஒரே சிடிக்குள் அடக்குவதற்காகக் கடைசிப் பாகத்தை யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள் என்று மற்றவர்கள் விளக்கினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளாளுக்குச் சிரித்தார்கள். நவநீதனுக்கு மானம் போன மாதிரி இருந்தது. முழுக் கேமையும் காசு கொடுத்து வாங்கி, முதலிலிருந்து ஆடி, அதே கதவுக்கு முன்னால் போய் நின்றான். சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அப்படியே சேமித்து வைத்துவிட்டான். அதற்குப் பிறகு சேனலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பெண்ணின் அப்பா சென்னியப்பன் நெய் வியாபாரி. பலகாரம் வந்தது, பெண் தனப்பிரியா வந்தாள், எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். முப்பத்திரண்டு வயது, மருந்துக்கடை வேலை, நேராகப் பார்க்கிற கண். இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். படியேறும்போது நவநீதன் திரும்பிப் பார்த்தான். காளியாத்தாள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவன் மழையைப் பற்றிப் பேசினான். மருந்துக்கடையில் கூட்டமா என்று கேட்டான். அப்புறம் பேச ஒன்றுமில்லாமல் மிளகாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள் தனப்பிரியா. "அந்தக் கேம் சேனல்ல பேசறது நீங்கதானுங்களே? கீழ நீங்க வாயத் தொறந்ததுமே கொரல் தெரிஞ்சிருச்சு."

போச்சு, இந்த இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டான் நவநீதன். "ஆமாங்க" என்றான், திருடிப் பிடிபட்டவனைப் போல.

"நீங்க சொல்றதுல பாதிக்கு மேல தப்புங்க."

"எது தப்புங்க?" அம்மா, தலையாட்டியது, புண்ணியம் எல்லாம் அந்தக் கணமே பறந்துவிட்டது.

"நீங்க புகழற பழைய கேம்ல வர்ற பொண்ணு துப்பாக்கிய எடுத்துக்கிட்டுத் திரும்பறதுக்குள்ளார, சந்துக்குள்ள லாரி திருப்பற மாதிரி ஆவுது. அதப் போயி பயம், த்ரில்லுங்கறீங்க. அப்பறம் பூனைக்கு மீன் போட்டா பூட்டுத் தொறக்குமாம். அது யாருக்குங்க தோணும்?"

"தோணாததுனாலதானுங்க வாரக்கணக்கா யோசிச்சோம்!"

"வேற வேல இல்லாம யோசிச்சோமுங்க."

அவன் மறுத்துப் பேசினான், அவள் விடவில்லை. மூக்கும் வாயும் சரியாகத் தெரியாத அந்தப் பழைய முகங்கள்தான் அழகு, மீதியை நாமே நினைத்துக்கொள்வோம் என்று அவன் சொன்னதை மட்டும் ஒத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட அவனோடு இதற்காகச் சண்டை போட்டதில்லை. கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள், அல்லது சிரித்தார்கள். நவநீதனுக்கு நெஞ்செல்லாம் நிறைந்துபோயிற்று.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள், குரலைத் தணித்து. "அந்தக் கப்பல் கேம் பத்திச் சொன்னீங்க பாருங்க, அது நெசம். எங்கண்ணன் திருச்செங்கோட்டுல பாலிடெக்னிக் படிக்கறப்ப அந்த சிடி வாங்கியாந்துச்சு. நான் எட்டாவது. கதவு தொறக்கலீன்னதும் அப்படி அழுதேன். இதுக்கெல்லாமா அழுவாங்கன்னு ஊட்டுல எல்லாருஞ் சிரிச்சாங்க. அன்னைலருந்து அத யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. உங்க வீடியோவக் கேட்டப்பத்தான், என்ற மாதிரி இன்னொரு ஆளும் இருக்குதுன்னு நெனச்சேன்."

நவநீதனுக்குப் புரிந்தது. வீடியோவைக் கேட்டவள் அதன் கீழே எழுதியிருந்த கேலிகளைப் படிக்கவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாம். சொன்னால் அவள் அழுத அழுகையும் வெட்டுப்பட்ட சிடியால் வந்தது என்றாகிவிடும். உள்ளதும் போய்விடும் என்று பயமாக இருந்தது. ஆனால் இவளிடம் ஒரு பொய்யோடு ஆரம்பிக்க மனம் ஒப்பவில்லை.

"அது முடிவில்லைங்க," என்றான். எல்லாவற்றையும் சொன்னான். சிடியில் இடம் பற்றாமல் வெட்டியதை, தான் ஊர் பூராவும் பெருமையாகப் பேசி மூக்கறுபட்டதை, எதையும் மறைக்கவில்லை.

அவள் குனிந்து ஒரு மிளகாயைப் புரட்டிப் போட்டாள். கீழே யாரோ சிரித்தார்கள்.

"அப்ப அந்தக் கதவு தொறக்குமுங்களா?"

"தொறக்குமுங்க."

"உள்ளார அந்தத் தம்பி இருக்கானுங்களா?"

"தெரியலைங்க. முழுசா வாங்கி, அங்க வரைக்கும் போயி நிறுத்தி வெச்சிருக்கறன். தொறக்கல."

"ஏனுங்க?"

மானம் போனதைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "ஒத்தையில தொறக்க மனசு வரலைங்க."

தனப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போய்வந்தது. திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்துராதீங்க. நான் வந்தப்பறம் பாத்துக்கலாம்."

"வாரீங்களா? எங்கூட்டுக்கா? எப்பங்க?" என்றான் அவன். ஆயிரம் புதிர்களை அவிழ்த்தவனுக்கு இது உறைக்கவில்லை.

"அதத்தானுங்க கீழ பெரியவங்க பேசிட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். அவன் மிளகாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றான்.

திரும்பும் வழியில் காளியாத்தாள் வெகுநேரம் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "கேமப் பத்திப் பேசுனியா?"

"பேசுனேன்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மல்லசமுத்திரம் தாண்டும்போது தரகர் கூப்பிட்டார். பெண்ணுக்குச் சம்மதம், தை மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். காளியாத்தாள் போனை மடியில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்தாள்.

"அப்படி என்னத்தடா பேசுன?"

அவன் சொன்னான். மாலுமியை, தம்பியை, கதவை, தனப்பிரியா சொன்னதை, எல்லாவற்றையும். தாய்க்குப் பாதி புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நவநீதன் கை கால் கழுவப் போனான். திரும்பி வந்தபோது அம்மா அவன் அறையில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் கரித்துக்கொட்டுகிற அந்தக் கம்ப்யூட்டரைத் துண்டால் துடைத்திருந்தாள். அவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பக்கத்தில் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தாள்.