பூசினாற்போல் ஒரு முகம்

ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த கணவரின் கன்னம் பூசினாற்போல் இருந்தது. அவளால் நம்பவே முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் குழி விழுந்த கன்னம்தான். பஸ் கண்டக்டர், எந்த நெரிசலிலும் சந்து கிடைத்தால் நுழைந்து டிக்கெட் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். டிப்போவில் அவருக்குப் பெயரே ஈர்க்குச்சி. ஆக்கிப் போட்டு அவள் கைதான் தேய்ந்தது, அவர் உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை. மாமியார் இதை நம்பினால்தானே? என் பிள்ளையை வயிறு காயப் போடுகிறாள் என்று உறவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

நிமோனியா என்று சேர்த்து, வாயில் குழாய் செருகி, மூச்சு மெஷினில் போட்டு ஒரு வாரம் ஆகிறது. நேற்றுவரை எலும்பும் தோலும். இன்றைக்கு இப்படி. சந்தோஷம் தாங்காமல் மாமியாருக்குப் போன் போட்டாள்.

"உடம்பு தேறிட்டாரு அத்தை. கன்னமெல்லாம் சதை வச்சிருக்கு. கிளம்பி வாங்க."

பாவி மகள், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போனை வைத்த கையோடு டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். நுரையீரல் விறைத்துப்போயிருக்கிறது, காற்றை அழுத்தித் தள்ளினால்தான் உள்ளே போகிறது, அந்த அழுத்தம் தாங்காமல் ஓரிடத்தில் கிழிந்துவிட்டது என்றார். கசிந்த காற்று தோலுக்கடியில் ஏறி, மார்பு, கழுத்து, முகம் வரை வந்துவிட்டதாம். அதை வெளியேற்ற விலாவில் ஒரு குழாய் போடப்போகிறார்களாம். ரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரும் சரியாக இறங்கவில்லையாம்.

"அப்ப மெஷினைக் கொஞ்சம் குறைச்சு வைங்களேன்."

"குறைச்சா மூச்சு பத்தாதும்மா. இப்படியே விட்டா இன்னும் கிழியலாம்." டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க."

அதைத்தான் சொல்லியாகிவிட்டதே.

நர்ஸ் அவளை ஒரு நிமிஷம் உள்ளே விட்டாள். அவள் கன்னத்தைத் தொட்டாள். சதை இல்லை. விரல் பட்ட இடத்தில் தோலுக்கடியில், உப்புக்கல்லை மிதித்தாற்போல் நறநறவென்றது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஊதினால் பறந்துவிடுவீர்கள் என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பாள். அந்த வாயைக் கழுவ வேண்டும் என்று இப்போது தோன்றியது.

சாயங்காலம் மாமியார் வந்தாள். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் நின்றிருந்தாள். கிழவி முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. மாமியார் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பத்தான்டி என் பிள்ளை முகம் நிறைஞ்சிருக்கு." திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதேம்மா."

பிடித்த கையோடு மாமியார் நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவை கன்னத்தைத் தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் நகர்ந்தாள். மருமகள்தான் பிடித்த கையை விடவில்லை.