காற்றடிக்கும் நாளில் மட்டும் ஒரு மாத்திரை

1

இந்தக் கதை என் மச்சானின் வயிற்றிலிருந்து வந்தது. அக்கா வீட்டுக்காரர். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தாராளமாக எழுதச் சொன்னார். நான்தான் திணறினேன். முதல் வரியைப் பாருங்கள்:

'உயரத்தில் தனித்திருந்த அவனுக்குள் இனம்புரியாத ஒரு கலக்கம்...'

கலக்கமாவது கத்தரிக்காயாவது. பேதி.

2

மச்சான் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். முப்பது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏணியில் ஏற இருபது நிமிடம், இறங்கப் பதினைந்து. போன வருடம் அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை, தினம் ஒன்று. நோய் அடங்கியது, வயிறு அடங்கவில்லை. விழுங்கிய இரண்டு மணி நேரத்தில் குமட்டல், பொருமல், பிறகு ஓட்டம். கூண்டில் கழிப்பறை கிடையாது.

(இங்கே ஒரு நகைச்சுவை இருந்தது. அக்கா படித்துவிட்டுப் பார்த்த பார்வையில் எடுத்துவிட்டேன்.)

3

பலத்த காற்றடித்தால் கிரேனை நிறுத்திவிடுவார்கள். மச்சான் அன்றைக்கு மட்டும் மாத்திரை போட ஆரம்பித்தார், யாருக்கும் தெரியாமல். காற்று காலை வாரிவிட்டது. ஏழு வாரம் ஓர் இலை அசையவில்லை. இரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் அளவு ஏறிக்கிடந்தது. தினமும் போடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். ஆமாம் என்றார் மச்சான். பக்கத்திலிருந்த அக்காவும் நம்பினாள்.

இந்தப் பொய் அவருக்குப் பொருந்தவில்லையே என்று இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். பிறகு யோசித்தால், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

4

மறுநாளும் காற்றில்லை. ஆனாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஏறினார். பத்தரை மணிக்கு ஒரு கம்பிக்கட்டை இறக்கிவைத்த கையோடு வாக்கிடாக்கியை எடுத்தார். அதில் பேசினால் கீழே நாற்பது பேர் காதிலும் விழும். அவர் வாயில் தலைவலி, கண் இருட்டல் என்று மூன்று வரைவுகளில் சாக்கு வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது இது:

"கேன்சருக்கு மாத்திரை சாப்பிடுறேன். அதனால வயித்தால போகுது. இப்ப இறங்குறேன், ஒரு மணி நேரத்துல திரும்ப மேல இருப்பேன். நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். மாத்திரைய இனிமே விடுறதா இல்ல."

யாரும் சிரிக்கவில்லை என்று கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர் என்னிடம் சொன்னார். ஆறு புத்தகம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நேரான வாக்கியங்கள் எனக்கு வாய்த்ததில்லை. பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும்.

5

அன்று மாலையே அக்காவை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னார். மருத்துவர் மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றி, வயிற்றுக்கும் ஒரு மருந்து கொடுத்தார். அக்கா ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த பரிசோதனை வருகிற வியாழக்கிழமைதான். அளவு இறங்கிவிட்டதாக எழுதிக் காட்டினேன்.

"அது உன் கையில இல்ல மாப்ள. அடிச்சிரு" என்றார்.

அடித்துவிட்டேன். [அளவு ............] அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நல்லபடியாக நிரப்புங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டு இறங்கிய அன்று அவர் நேரத்துக்குத் தரைக்கு வந்து சேரவில்லை. நான்கு மாடி மிச்சமிருக்கும்போதே ஆகிவிட்டது. அதையும் எழுதச் சொன்னது அவர்தான். கழுவிக்கொண்டு, வேறு கால்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு மறுபடி ஏறிவிட்டார்.