ஏறி இறங்கும் சத்தம்

முன்கூடத்தில் கன்னையா படுத்திருந்தார். போர்ச்சில், அவருடைய பழைய காருக்குள் தலையை விட்டுக்கொண்டு, மைத்துனன் வாசு படுத்திருந்தான்.

காலடிக் கம்பளத்தைத் தூக்கிவிட்டு, என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். பிண வண்டி ஊர்ந்துதான் போகும். அதன் பின்னால் இந்தக் கார் போயாக வேண்டும். இதுவோ மெதுவாகப் போனாலே அணைந்துவிடுகிற கார்.

புருஷன் தலைமாட்டில் புஷ்பவல்லி உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அழுகிறவர்களின் குரல் எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போலிருந்தது. காரின் சத்தம் மட்டும் கிட்டத்தில் கேட்டது. ஏறியது, இறங்கியது, இதோ நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஏறியது. இந்தச் சத்தத்துக்காக அவரை அவள் திட்டாத திட்டு இல்லை. கிள்ளான் டவுனில் அவர் காட்டாத பட்டறையும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ரயில் கேட்டுப் பக்கம் அது கேட்டதும் அவள் கை தானாக அடுப்பில் தண்ணீர் வைத்துவிடும்.

திடீரென்று சத்தம் ஒரே சீராகிவிட்டது.

வாசு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "கண்டுபுடிச்சிட்டேன்க்கா. கம்ப்யூட்டரோட எர்த் ஒயர் லூஸ். முறுக்கி விட்டுட்டேன். இனிமே சிம்பாங் முனையில நிக்காது லா."

புஷ்பவல்லி காதைக் கொடுத்துக் கேட்டாள். யார் வீட்டுக் காரோ மாதிரி இருந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. வாசலோடு சரி.

"வாசு, அத பழையபடி லூஸாக்கி வுடு."

"என்னக்கா பேசுற? நடுரோட்ல நின்னுட்டா?"

"நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணு. மாமா பண்ணலியா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்தச் சத்தம் எனக்குக் கேக்கணும்டா. அது கேக்குற வரைக்கும்தான் நான் அவருகூட வர முடியும்."

வாசு அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு போய்க் காருக்குள் குனிந்தான்.

பிண வண்டி தெருவைத் தாண்டியது. கார் முனகியபடி பின்னால் போனது. பெரியம்மா நல்லம்மாள், வீட்டைக் கழுவிவிட வாளித் தண்ணீரோடு வந்தாள்.

"ஊத்திடலாமா புஷ்பம்?"

"இருங்க பெரியம்மா." வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

முனையில் சத்தம் ஏறி இறங்கியது. ரயில் கேட்டுப் பக்கம் சட்டென்று நின்றது. யாரோ பேச வாயெடுத்தார்கள், அவள் கையமர்த்தினாள். கொஞ்ச நேரம் காகங்கள் மட்டும் கத்தின. அப்புறம் அது செருமிக்கொண்டு மறுபடி கிளம்பியது. ஏறியது. இறங்கியது. மேரு ரோட்டுப் பக்கமிருந்து ஒரு லோரி இரைந்துகொண்டு வந்து அதை மூடிவிட்டது.

லோரி போய்விட்டது. நல்லம்மாள் வாளியைச் சாய்க்கப் பார்த்தாள்.

வாளியின் விளிம்பைப் பிடித்திருந்த கையைப் புஷ்பவல்லி இன்னும் எடுக்கவில்லை.