காற்றில்லாமல் ஓடிய டயர்

சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றியதும் செந்தமிழ்செல்வன் அதன் உட்புறத்தில் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது விரல்களில் கரித்தூள் போலக் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதை நித்யா மேரியிடம் நீட்டிக் காட்டினார்.

"மேடம், இது நேத்து வெடிச்சதால வந்த தூள் இல்ல. யாரோ இந்த டயர காத்து இல்லாமயே ரொம்ப தூரம் ஓட்டியிருக்காங்க. அப்புறம் பஞ்சர் ஒட்டி, காத்த அடிச்சு, ஒன்னும் ஆகாத மாதிரி வுட்டுட்டாங்க."

டயரின் உட்சுவரைச் சுற்றிலும் அரைத்தெடுத்தது போல ஒரு வளையம் ஓடியது. தரையில் படும் பக்கத்தில் ஆணி ஏறிய துளையும், அதில் செருகிய ரப்பர் திரியும் இருந்தன. அப்படி ஓடிய டயரைத் திரும்ப மாட்டவே கூடாது என்றார் அவர். பக்கச்சுவர் உள்ளுக்குள்ளேயே செத்துப்போயிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, என்றைக்கு வேண்டுமானாலும் வெடிக்கும்.

இந்தக் காருக்குப் பஞ்சர் ஒட்டியதாக நித்யா மேரிக்கு நினைவே இல்லை.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. கடலூர் முதுநகரில் அம்மாவோடு இருந்தாள். கடலூரிலிருந்து சீர்காழி வரை உள்ள மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரம் எது நின்றாலும் அவள்தான் போய்ப் பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது சிதம்பரம். எட்டு வருடம் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் அலைந்துவிட்டு, போன ஜனவரியில் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரை மடங்கும். பத்து வருடத்துக் கார். வாங்கிய அன்றே தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டதை அவள் சம்பாதித்து வாங்கினாள், அவ்வளவுதான்.

அந்தக் காரில் மாற்றுச் சக்கரம் கிடையாது. வைக்க இடமும் கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் ரன்ஃப்ளாட் டயர். பக்கச்சுவர் கெட்டியாக இருக்கும். காற்று முழுக்க இறங்கினாலும் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். தனியாக ரோட்டில் போகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று அவள் யாருக்கும் விளக்கியதில்லை.

அந்தத் தைரியம்தான் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் புதுச்சத்திரம் தாண்டி வெடித்தது. சிதம்பரத்திலிருந்து எழுபதில் வந்துகொண்டிருந்தாள். பின்பக்க இடது டயர் குண்டு போட்ட மாதிரி சத்தத்தோடு கிழிந்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி நடுத்திட்டின் மண்ணில் ஏறி நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பிரேக்கை அழுத்தியிருக்காவிட்டால் கதை அத்தோடு முடிந்திருக்கும். சீட் பெல்ட் இழுத்த இடம் தோளிலிருந்து மார்பு வரை கன்றிப்போயிருந்தது.

அவள் போன் செய்ததும் அண்ணன் ஆரோக்கிய ஜெகன் இழுவை வண்டியோடு நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டான். கல்யாண மேடை அலங்காரம், லைட் செட்டுத் தொழில் செய்கிறவன், இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் கெட்டிக்காரன். வந்தவன் கிழிந்த டயரைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தவன், சுற்றி நின்ற டீக்கடை ஆட்கள் முன்னாலேயே அவளைத் திட்ட ஆரம்பித்தான். ஸ்பீடாக ஓட்டாதே என்று எத்தனை தடவை சொல்வது, இந்தக் கார் உனக்குத் தேவையா என்றான். அங்கிருந்தே அம்மா சவரிமேரிக்கும் போன் போட்டு, "உம் பொண்ணு வேகமா வந்து டயர வெடிக்க வச்சிட்டா" என்றான். வீட்டுக்குப் போனதும் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். படுக்கிற வரை அந்தப் பேச்சுதான்.

காரை இழுத்து வந்து விட்டது ஜெகனின் சிநேகிதன் ஜெயப்பிரகாஷின் டயர் கடையில். நெல்லிக்குப்பம் ரோட்டில் இருந்தது. செந்தமிழ்செல்வன் அங்கே இருபது வருடமாக டயர் மாட்டுகிறவர்.

கடையில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "அந்த டாக்டர் உன்ன நல்லா ஏமாத்திட்டாரு" என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டு, படித்தவர் செய்கிற வேலையா இது, ஒரு உயிர் போயிருக்கும் தெரியுமா என்று கத்தித் தீர்த்தாள். அவர் குறுக்கே பேசவில்லை. அவள் மூச்சு வாங்கியதும், விற்பதற்கு ஒரு மாதம் முன்னால் டயர்களைக் கழற்றிச் சோதித்த ரசீதும் படங்களும் இருக்கின்றன, அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் வந்தன. இடது பின் டயரின் உட்புறம் சுத்தமாக, வழுவழுவென்று இருந்தது. ஆணித் துளை இல்லை.

அதற்குள் ஜெயப்பிரகாஷ் வந்துவிட்டான். டயரைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, சாதாரண டயரே போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தான். ரன்ஃப்ளாட் கல் மாதிரி இருக்கும், குண்டு குழியில் இடுப்பு ஒடியும், விலை ஜாஸ்தி, நம்ம ஊர்ல எவனும் சரியாக ஒட்ட மாட்டான். பின்னாலே இரண்டு மட்டும் மாற்றினால் போதும், முன்னால் ரன்ஃப்ளாட்டே இருக்கட்டும்.

முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கலந்து போட்டால் கார் திரும்பும் விதமே மாறிவிடும் என்றாள் அவள். நேற்று இரவு தூக்கம் வராமல் போனில் படித்தது. பின்பக்கம் இரண்டும் ரன்ஃப்ளாட்டாகத்தான் வேண்டும், முன்னால் இருப்பதைப் போல.

அவன் உள்ளே போய் ஒரு ஜோடியை உருட்டி வந்தான். அளவு சரியாக இருந்தது, 255. யாரோ சொல்லி வைத்துவிட்டு எடுக்காமல் போனதாம். நித்யா மேரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பக்கச்சுவரைத் தடவித் தேடினாள். 3419 என்று நாலு எண். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் முப்பத்து நாலாவது வாரம் தயாரானது.

"ஆறு வருசத்துச் சரக்கு இது," என்றாள்.

"ஒரு கிலோமீட்டர் ஓடல மேடம். புதுசுதான்."

"எங்க மெஷின்ல தேதி முடிஞ்ச ஃபில்டர பிரிக்காமயே தூக்கிப் போட்டுடுவோம். இந்த வருசத்து டயர் வேணும். சென்னைல சொல்லி வரவழைங்க."

நாலு நாள் ஆகும் என்றான். ஆகட்டும் என்றாள். ஆர்டர் சீட்டை அவள் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பஸ்ஸில் சிதம்பரம் போனாள். நின்றுகொண்டே போன அந்த ஒரு மணி நேரமும் ஒரே கணக்குதான் மண்டைக்குள் ஓடியது. கார் அவள் கையை விட்டுப் போனது ஒரே ஒரு தடவை. மூன்று வாரத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் சிநேகிதன் கல்யாணம் என்று ஜெகன் வாங்கிக்கொண்டு போனான். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். அப்போது அவளுக்கு அதுகூடப் பெருமையாக இருந்தது.

மருத்துவமனை வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு, அந்தக் கல்யாண மண்டபத்தின் பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைகளில் போனில் இருந்த கார் படத்தைக் காட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது கடை, பைபாஸ் ஓரத்தில். கடைக்காரர் அன்புமணி படத்தைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிவப்பு வண்டியை யார் மறப்பார்கள்?

"வெள்ள வேட்டி கட்டினு ஒருத்தர் வந்தாரும்மா. காத்தே இல்லாம பிச்சாவரம் வரைக்கும் நூறுல போயிட்டு வந்தேன், கார்னா இதான் கார்னு கூட இருந்தவர்கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு. டயர தொட்டுப் பாத்தேன், கொதிக்குது. சார், இது போச்சு, கடலூர் போற வரைக்கும்தான் ஒட்டித் தரேன், போனதும் மாத்திடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். சரி சரின்னுட்டுப் போனாரு."

ரெண்டு தடவை. நித்யா மேரி அவருக்கு நன்றி சொன்னாளா இல்லையா என்பதுகூடப் பிறகு நினைவில்லை. கோபம் என்று சொன்னால் போதாது. தெரிந்தே மூன்று வாரம் அவளை அந்த டயரில் அனுப்பியிருக்கிறான். தெரிந்தே வந்து, டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, ஊர் முன்னால் அவளைத் திட்டியிருக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போதே டாக்டரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அண்ணனைக் கூப்பிடவில்லை. போனில் பேசி முடிக்கிற விஷயமாக அது தெரியவில்லை. மூன்று நாள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவன் இரண்டு வரிசை முன்னால் குடும்பத்தோடு நின்றான். அவள் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை டயர் கடைக்குப் போனபோது கார் தயாராக வெளியே நின்றது. பக்கத்தில் ஜெகன் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். "எல்லாத்தயும் அண்ணனே முடிச்சிட்டாரு மேடம், காசு உட்பட" என்று ஜெயப்பிரகாஷ் சாவியை நீட்டினான்.

அவள் சாவியை வாங்காமல் பின்பக்கம் போய்க் குனிந்தாள். டயர் புதுசு. இந்த வருடத்துத் தேதி. ஆனால் ரன்ஃப்ளாட் என்பதற்கான குறி எங்கேயும் இல்லை. கட்டைவிரலால் பக்கச்சுவரை அழுத்தினாள். கொஞ்சம் தள்ளி நின்ற செந்தமிழ்செல்வன் தலை குனிந்துகொண்டார்.

"இது சாதா டயர். நான் எழுதிக் குடுத்தது எங்க?"

ஜெயப்பிரகாஷ் ஜெகனைப் பார்த்தான். அண்ணன் வந்து மாற்றச் சொன்னார், வீட்டில் பேசிவிட்டதாகச் சொன்னார், சென்னை ஆர்டரை அன்றைக்கே நிறுத்தியாகிவிட்டது என்றான்.

"கையெழுத்துப் போட்டது நானு. கார் எம்பேர்ல இருக்கு. அவர் சொன்னா மாத்திடுவீங்களா?"

ஜெகன் டம்ளரைக் கீழே வைத்தான். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றான். சொந்தக் காசில் புது டயர் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இதற்குமேல் என்ன வேண்டும்? வழியில் நின்றால் ஒரு போன் போடு, வந்துவிடுகிறேன், அன்றைக்கு வரவில்லையா?

"வந்த," என்றாள் அவள். "பிச்சாவரம் போன டயரப் பாக்க வந்த."

அவன் முகம் செத்துவிட்டது. ஜெயப்பிரகாஷ் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. அன்புமணி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எல்லோர் முன்னாலும் சொன்னாள். ரெண்டு தடவை சொன்னாராம் என்பதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

"நீ திட்டுவேன்னுதான் சொல்லல, நித்யா," என்றான் ஜெகன். "டயரு விலை ஜாஸ்தி. தானா தேஞ்சப்புறம் நீயே மாத்திடுவேன்னு நெனச்சேன். இப்டி ஆவும்னு சத்தியமா தெரியாது."

"நான் திட்டறதுக்குப் பயந்த. நான் சாவறதுக்குப் பயப்படல."

அவள் போனை எடுத்து அம்மாவின் எண்ணைப் போட்டு அவனிடம் நீட்டினாள். ஸ்பீடில்லை என்று சொல்லு என்றாள். அவன் ரோட்டைப் பார்த்தான், சிநேகிதனைப் பார்த்தான். போனில் அம்மா அலோ அலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் வாங்கி, நித்யா வேகமாக ஓட்டவில்லை, டயரைக் கெடுத்தது நான்தான் என்று முணுமுணுத்தான். அம்மா என்ன சொன்னாள் என்று அவள் கேட்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போனபோது அம்மா சொன்னது இதுதான்: அவன்தான் ஒத்துக்கொண்டானே, கடைக்காரர்கள் முன்னால் சொந்த அண்ணனை இப்படி நிற்க வைக்கலாமா? அன்றைக்கு இரவு நித்யா மேரி வீட்டில் சாப்பிடவில்லை.

ஆனால் அது பிறகு. கடையில், மாட்டிய இரண்டு டயரையும் கழற்றச் சொன்னாள். ஜெயப்பிரகாஷ், ஒருதடவை மாட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது என்று இழுத்தான். "அது உங்களுக்கும் உங்க சிநேகிதருக்கும் உள்ள விசயம்" என்றாள். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும்தான் அவன் சென்னைக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அளவு, ரன்ஃப்ளாட், இந்த வருடத் தேதி என்று மூன்றையும் அவளே மறுமுனைக்குச் சொன்னாள். செந்தமிழ்செல்வன் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

கிளம்பும்போது ஜெகனிடம் கையை நீட்டினாள். அவசரத்துக்கென்று அவனிடம் கொடுத்து வைத்திருந்த இன்னொரு சாவி. சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பைக்கை உதைத்துக்கொண்டு போனான்.

டயர்கள் வியாழக்கிழமை வந்தன. மாட்டுவதற்கு முன்னால் இரண்டின் தேதியையும் குறியையும் அவளே பார்த்தாள். ஜெயப்பிரகாஷ் சொன்னது பொய்யில்லை. சிதம்பரம் போகும் வழியில் ஆலப்பாக்கம் வருவதற்குள்ளேயே இடுப்புக்குத் தெரிந்தது, புதுசு இன்னும் கல்தான். புதுச்சத்திரம் தாண்டும்போது கைகள் தானாக ஸ்டீயரிங்கை இறுக்கின. நடுத்திட்டில் சக்கரம் உழுத தடம் இன்னும் இருந்தது. வேகத்தைக் குறைக்காமல் கடந்து போனாள். சிதம்பரத்தில் இரண்டு மெஷின் நின்றிருந்தன, நோயாளிகள் காத்திருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெகன் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பழையபடி சிரித்துப் பேசினான். சாப்பிட்டு முடித்து, புதுச்சேரியில் ஒரு மேடை வேலை இருக்கிறது, அரை நாளைக்குக் காரைத் தர முடியுமா என்று அம்மா வழியாகக் கேட்டான். அம்மா அவளைப் பார்த்தாள்.

"தர மாட்டேன்," என்று நித்யா மேரி அவனைப் பார்த்தே சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.