பம்பைக் கழற்றிய பிறகு

மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று அரை நாள்தான் வேலை. மருமகள் வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டு. செருப்பைக் கழற்றும்போதே, சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையின் கதவு அகலத் திறந்து கிடப்பது கண்ணில் பட்டது. அந்த அறையில் ஒரு துணி துவைக்கும் இயந்திரமும், அதைவிட இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கும் இருக்கும். துவைக்கும் இயந்திரம் இருந்தது. பைக்கைக் காணவில்லை.

சாப்பாட்டு மேசையில், ஒரு கரண்டிக்கு அடியில் சீட்டு. மாமனாரின் கையெழுத்து.

‘அம்மாடி, உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு மகள் வீடு வரை போய்வருகிறேன். முதல் உதையிலேயே வண்டி கிளம்பிவிட்டது. ஆயில் பார்த்தேன், நிறைய இருக்கிறது.’

கடைசி வரியை அவள் இன்னொரு முறை படித்தாள்.

மாமனார் முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் தெருவில் அவருக்கு ‘டிரைவர்’ என்றுதான் பெயர். அத்தனை வருடத்தில் ஒரு நாய்க்குட்டி மேல்கூட ஏற்றியதில்லை என்பதை வீட்டுக்கு யார் வந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுவார். ஒன்றரை வருடத்துக்கு முன் பழைய இரும்புக் கடையிலிருந்து அந்த பைக்கை ஒரு சட்டமாகவும் இரண்டு சாக்கு மூட்டையாகவும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் பொடி வேலைக்கு அவர் கண் ஒத்துழைக்கவில்லை. மருமகளோ நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிறவள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் விரல் நுனியில் தெரிந்துவிடும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவள் இரண்டே மாதத்தில் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது மாமனாரின் வேலையானது.

துருவை உரித்து, பெயின்ட் அடித்து, பழையபடி ஆக்கியதோடு அவள் நிற்கவில்லை. சிலிண்டருக்குள் புகை வெளியேறும் வாயைச் சின்ன அரத்தால் அகலப்படுத்தினாள். தகட்டை வெட்டி, நடுவில் வயிறு பருத்த ஒரு சைலன்சரை அவளே வரைந்து, வெல்டிங் கடையில் பற்றவைத்து வந்தாள். வண்டிக்குப் புது வேகம் வந்தது. “எனக்கு இந்த வயசுல ஒரு சக்களத்தி. அவளுக்கு அலங்காரம் பண்ண என் மருமகளே கூட்டு” என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

பம்ப் விஷயத்தில் மட்டும்தான் மாமாவுக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. இந்த மாதிரி வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து உள்ளே போனால்தான் பிஸ்டனுக்கு வழுக்கல். அதற்கென்று தனியாக ஓர் ஆயில் டேங்க். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக அனுப்ப ஒரு குட்டி பம்ப். அந்த பம்பின் குழாயில் அடிக்கடி காற்றுக்குமிழ் வருவதை அவள் பார்த்தாள். குமிழ் வரும் நேரம் எண்ணெய் போகாது. பம்பையே எடுத்துவிட்டு, எண்ணெயை அளந்து பெட்ரோலிலேயே கலந்து ஊற்றிக்கொள்ளலாம் என்றாள்.

“செஞ்சவன் என்ன மடையனா? வேற எதுல வேணா கை வை. பம்ப்ல மட்டும் வைக்காத.”

“சரி மாமா” என்று தலையாட்டினாள். போன மாதம் மாமாவும் அத்தையும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கியபோது பம்பைக் கழற்றினாள். துளையை ஓர் அலுமினியத் தகட்டால் அடைத்தாள். ஆயில் டேங்கை மட்டும் எடுக்கவில்லை. பக்கவாட்டு மூடியில் எண்ணெய் மட்டம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அது காலியாகத் தெரிந்தால் அவர் கேட்பார். டேங்கின் அடிக்குழாயை அடைத்துவிட்டு எண்ணெயை அப்படியே விட்டுவைத்தாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவள்தான் எப்போதும் பெட்ரோல் ஊற்றுகிறவள் என்பதால் அந்தப் ‘பிறகு’ வந்தபாடில்லை.

பெட்ரோல் டேங்கில் அவள் கலந்து வைத்தது ஒரு லிட்டர் இருக்கும். மகள் வீடு நாற்பது கிலோமீட்டர், நடுவில் மலை ஏறி இறங்க வேண்டும். டேங்க் நிரம்பாமல் மாமா ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். பத்து லிட்டர் வெறும் பெட்ரோலில் அவள் ஊற்றிய எண்ணெய் எந்த மூலைக்கு? மேட்டில், இரண்டு பேர் பாரத்தில், பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். கவ்விய நொடியில் பின்சக்கரம் நின்றுவிடும்.

மாமாவின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார், அதிலும் அவருக்குப் பெருமை. அத்தையின் எண்ணை அழுத்தினாள். அடுத்த அறையில், சார்ஜ் போட்ட இடத்தில் அது பாடியது. கணவன் வேலை பார்க்கும் ஆலையில் ஷிஃப்ட் முடியும்வரை போன் கிடையாது. நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

“அப்பாவும் அம்மாவுமா? இங்க வரலையே அண்ணி. வர்றதா சொல்லவே இல்லையே! என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வந்தா உடனே எனக்கு ஒரு போன் போடச் சொல்லு. வண்டியைத் தொடாம அங்கேயே நிறுத்தச் சொல்லு.”

“அண்ணி, குரல் ஏன் இப்படி இருக்கு?”

“படியேறி வந்தேன்” என்றாள். அந்த வீட்டில் படியே கிடையாது.

எண்ணெய் பாட்டிலைப் பையில் திணித்துக்கொண்டு தன் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். முக்கியச் சாலையில் இருந்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தாமலே போயிருக்கலாம். ஒருவேளை மறந்திருப்பாரோ, ஒருவேளை பங்க் மூடியிருந்ததோ என்ற நப்பாசையில் நிறுத்தினாள்.

“வயசானவர், பழைய பைக், பின்னாடி ஒரு அம்மா. வந்தாங்களா?”

பெட்ரோல் போடும் பெண் முகம் மலர்ந்தாள். “ஆமாக்கா! என்ன அழகா வெச்சிருக்காரு வண்டிய! ஃபுல் டேங்க் போட்டாரு. ஆயில் கலக்கணுமான்னுகூடக் கேட்டேன். இதுக்குத் தனி டேங்க் இருக்கும்மான்னு அந்தக் கண்ணாடியத் தட்டிக் காமிச்சாரு.”

“எப்போ?”

“ஒரு முக்கால் மணி நேரம் இருக்கும்.”

மருமகள் ஸ்கூட்டரை மலைப்பக்கம் திருப்பினாள். அந்த எண்ணெயை அங்கே விட்டுவைத்த தன் கையை வெட்டிப்போட்டால்கூடத் தகும் என்று தோன்றியது.

மலைச்சாலை தொடங்கியதும் ஒவ்வொரு வளைவும் ஒரு யுகமாக இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்குமோ என்று பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் முடியவில்லை. மூன்றாவது வளைவில் கூட்டம். நாலைந்து வண்டிகள் நின்றிருந்தன. ஆட்கள் குனிந்து எதையோ தூக்கினார்கள். அவள் ஸ்கூட்டரை நிறுத்தாமலே குதித்தாள். அது ஓரத்துச் சுவரில் போய்ச் சாய்ந்தது. ஓடிப் பார்த்தால், சரக்கு வண்டி ஒன்றிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டை அவிழ்ந்து சாலையெங்கும் உருண்டிருந்தது. “பாத்து வாம்மா!” என்று ஒருவர் அதட்டினார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினாள்.

இன்னும் இரண்டு கிலோமீட்டர் தாண்டி அவர்களைக் கண்டாள். பைக் ஓரமாக, ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. மாமா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த இடத்தில் போனுக்கு சிக்னலே இல்லை. அத்தை மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

“வாடி வா” என்றாள் அத்தை, பல்லைக் கடித்துக்கொண்டே. “சக்களத்தி என்னைக் கீழ தள்ளிட்டா.”

மாமா மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. “என் தப்புதாம்மா. மேட்டுல கியரைக் குறைக்காம விட்டுட்டேன் போல. பின்னாலேர்ந்து யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி ஆச்சு. கிளட்ச்சை அமுக்கிட்டேன். ஆனா ஒரு நொடி லேட்டு. வண்டி ஆடுச்சு, இவ சரிஞ்சிட்டா.” தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். “பழைய கை இல்ல.”

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்ற சொற்கள்தான் வந்தன.

அந்தப் பக்கம் வந்த ஒரு கார்க்காரர் அத்தையையும் அவளையும் ஏற்றிக்கொண்டார். மாமா அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, “நான்தான் கீழ போட்டுட்டேன்” என்றார் மாமா. எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு விரிசல். மாவுக்கட்டு போட அத்தையை உள்ளே அழைத்துப் போனார்கள். “வயசானா வீட்டோட கிடக்கணும்! ரேஸ் விடுறாராம் ரேஸ்!” என்று அவள் போடுகிற சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

“இதை நீயே எங்கயாவது வெச்சுடு. இனிமே எனக்கு எதுக்கு?”

அவள் அதை வாங்கினாள். வாங்கியதும் ஒரு கேவலமான நிம்மதி உள்ளே எட்டிப் பார்த்ததை அவள் பிற்பாடும் மறக்கவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. எஞ்சினைத் திறக்கப்போவது அவள்தான். வயதானவர், மேடு, கியர்; எல்லாரும் நம்பிவிட்டார்கள். அவரே நம்பிவிட்டார். அதுதான் அவளைக் குத்தியது. முப்பத்து நான்கு வருடத்தை அவர் அந்தச் சின்ன அட்டையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் கூனிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, பம்ப்பை நான் எடுத்துட்டேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“போன மாசம். நீங்க ஊர்ல இல்லாதப்ப. நீங்க போட்ட பெட்ரோல்ல ஆயிலே இல்ல. அதான் ஜாம் ஆயிடுச்சு. உங்க கைமேல தப்பே இல்ல. நீங்க கிளட்ச் பிடிக்கலைன்னா...”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “எண்ணெய் நான் பாத்தேனே. கண்ணாடியில தெரிஞ்சுதே.”

“டேங்க்ல இருக்கு. கீழ அடைச்சிருக்கேன்.”

“பம்ப்பை எடுத்தியே, அதுகூடப் பரவால்ல” என்றார் மெதுவாக. “அந்த எண்ணெயை எதுக்கு விட்டு வெச்ச?”

லைசென்ஸை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தார்.

அத்தையிடமும் அன்றைக்கே சொன்னாள். அத்தை மாவுக்கட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “அவர்கிட்டச் சொல்லாமயா செஞ்ச? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் பாதி காரியம் அப்படித்தான் செய்யறேன். ஆனா ஒருத்தர் எலும்பும் உடையலடி” என்றாள். சிரிக்கவில்லை.

நான்கு நாள் மாமா அவளோடு பேசவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் அத்தைக்குத் தலை வாரிவிட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள், கடைக்குப் போனாள். கண்ணாடி தேய்க்கும்போது இரண்டு முறை விரலை அறுத்துக்கொண்டாள். மினி லாரியில் வந்து இறங்கிய பைக் பின்னறையில் கிடந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் மாலை மாமா அறை வாசலில் நின்றார். “வா. என் முன்னாடி எஞ்சினைத் திற.”

சிலிண்டரைத் தூக்கியதும் பிஸ்டனின் பக்கவாட்டில் நீளநீளமான கீறல்கள் தெரிந்தன. மாமா கட்டைவிரல் நகத்தால் வருடிப் பார்த்தார். பிறகு பழைய பம்பைக் கேட்டார். அவள் அதில் எண்ணெய் விட்டுச் சுழற்றிக் காட்ட, குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. அவர் அதை மூன்று முறை சுழற்றச் சொன்னார்.

“சரி. பம்ப் வேணாம். இதை அன்னிக்கே எனக்குக் காட்டியிருக்கலாம்.”

“காட்டியிருக்கணும் மாமா.”

ஆயில் டேங்கை அவளே கழற்றிக் கொட்டினாள். ‘எண்ணெய் கலந்த பெட்ரோல் மட்டும்’ என்று பெட்ரோல் மூடியைச் சுற்றிச் சிவப்பு பெயின்டில் எழுதினாள். புதுப் பிஸ்டன் வர மூன்று வாரம் ஆனது.

வண்டி தயாரான அன்று பெட்ரோலையும் எண்ணெயையும் அவளும் மாமாவுமாக, ஒருவர் அளக்க ஒருவர் பார்க்க, கலந்து ஊற்றினார்கள். “பத்து நிமிஷம். மெயின் ரோடு வரைக்கும்தான்” என்று சொல்லி அவர் கிளம்பினார். அத்தை கட்டுப் போட்ட கையோடு வாசலில் வந்து நின்று, “நான் இனிமே பஸ்ஸுலதான்” என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. மருமகள் தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள். கலந்தது சரியா, தகட்டின் திருகுகளை இறுக்கினேனா என்று மனம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தது. அத்தை நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறாவது நிமிடத்தில் தெருமுனையில் அந்தப் படபடப்புச் சத்தம் கேட்டது. மாமா வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“மூணாவது கியர்ல கொஞ்சம் இழுக்குது” என்றார். “என்னன்னு பாரு.”