கை நனைக்க ஓர் இடம்

மலைச்சாமி தனக்குப் பெண் பார்த்தபோதுகூட இப்படி அலைந்ததில்லை. ஒரே நாளில் மதுரையில் மூன்று பெரிய ஓட்டல்களின் படி ஏறி இறங்கிவிட்டார். செக்கானூரணிக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போட்டிருக்கிற சம்சாரிக்கு ஏசி ஓட்டலில் என்ன சோலி என்று ஊரே கேட்டது.

எல்லாம் பம்பாயில் வாழ்க்கைப்பட்ட தங்கை மாயக்காளுக்காகத்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைச்சாமியின் மகளுக்குக் காதுகுத்து. விருந்துப் பந்தியில் மாயக்காளின் புருஷனைக் கவனிக்க ஆளில்லை. அவர் இலையில் சோறு விழவே இல்லை. பக்கத்து இலையில் இருந்த மாயக்காள் அதை அண்ணனிடம் கேட்டாள். சமையல்காரன் மேலிருந்த எரிச்சலில், "சோத்துக்குத்தான வந்தீக? போடும்போது தின்னுங்க" என்று சொல்லிவிட்டார் மலைச்சாமி. அன்றைக்கு அவர் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. மாயக்காள் இலையை மடக்காமல் எழுந்தாள். "இனிமே ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுப் புருஷனோடு போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைச் சும்மா சொல்ல மாட்டார்கள். சொன்னால் உறவு அறுந்தது என்று அர்த்தம். ஆத்தா செத்த துஷ்டிக்கு வந்து மாரடித்து அழுத மாயக்காள், தொண்டை வறண்டு அடுத்த வீட்டில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மலைச்சாமி அதை வாசலில் நின்று பார்த்தார். ஆத்தா போனதைவிட அதுதான் அவரை அதிகமாக அறுத்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "அண்ணே, புதன்கிழமை காலை ரயிலுக்கு மதுரைக்கு வாரேன். ஒரு நாள் இருந்துட்டுப் போறேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் ஆக்கி வைக்கிறேன்" என்றாள் மலைச்சாமியின் மனைவி அழகம்மாள்.

"கூறுகெட்டவளே, சபையில சொன்ன சொல்லு அது. நான் வீட்டுக்குச் சாப்பிட வான்னு கூப்பிட்டா, அவ மொகத்த எங்க கொண்டுபோயி வச்சுக்குவா? மறுபடியும் அடுத்த வீட்டுல தண்ணி குடிக்கிறதப் பாக்கச் சொல்றியா?"

அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. ஓட்டல் அண்ணன் வீடு ஆகாது. அங்கே சாப்பிட்டால் தங்கையின் சொல்லுக்கும் பங்கமில்லை, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதாகவும் ஆச்சு. ஆனால் ஏதோ ஒரு ஓட்டல் போதாது. மதுரையில் அதைவிட உசத்தி இல்லை என்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஓட்டலை எடைபோட அவரிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த முதல் ஓட்டலில் பளிங்குத் தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. கவுண்டரில் இருந்தவன் தலையைத் தூக்காமல், "எத்தனை பேரு?" என்றான். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. வந்தவனை வா என்று சொல்லாத இடத்தில் தங்கச்சியை உட்கார வைப்பதா? அப்படியே திரும்பிவிட்டார். இரண்டாவது ஓட்டலில் வாங்க என்றார்கள், சோபாவில் உட்காரவைத்தார்கள். ஆனால் தண்ணீர் கொண்டுவந்தவன் நாலு டம்ளரையும் விரலை உள்ளே விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

மூன்றாவது, ஆற்றுக்கு வடக்கே தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. வாசலில் நின்ற தர்வான் மீசையைப் பார்த்து மலைச்சாமியே கும்பிடு போடப் போனார். உள்ளே பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் நைனா முகமது. வெள்ளைக் கோட்டு, நரைத்த தாடி.

"வாங்கண்ணே, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக. மொதல்ல தண்ணி குடிங்க."

மலைச்சாமிக்கு அங்கேயே மனசு குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. சாப்பாடு வரவழைத்து உட்கார்ந்தார். போதும் என்று இலைமேல் கையை மறித்துப் பார்த்தார். "ஒங்கள மாதிரி ஆளுக்கு இது எப்படிண்ணே காணும்?" என்று கைச்சந்தில் இன்னும் ஒரு கரண்டியை விட்டார் நைனா முகமது. அந்த ஒரு கரண்டியில் ஓட்டல் தேறியது. புதன்கிழமைக்கு ஒரு ரூமும், மதியத்துக்கு அயிரை மீன் குழம்போடு சாப்பாடும் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்.

புதன்கிழமை ரயிலிலிருந்து இறங்கிய மாயக்காளை அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தாள். "என்னத்தா இப்படி ஆயிட்ட?" என்றதற்கு, "ரயில் அலுப்புண்ணே" என்று சிரித்தாள். வாடகைக் காரில் ஏற்றினார். கார் பாலத்தில் ஏறியதும் அவள் கேட்டாள்:

"காளவாசல் வழியாத்தானண்ணே ஊருக்குப் போகணும்? வண்டி ஆத்தத் தாண்டிப் போகுதே?"

"ஊருக்கா? நீ சொன்ன சொல்லு எனக்கு மறக்குமாத்தா? இருவத்திரெண்டு வருசத்துல ஒரு நா மறக்கல. ஒனக்குன்னு மதுரையிலயே ஒசத்தியான எடமாப் பாத்து வச்சிருக்கேன்."

மாயக்காள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் துணி காயப்போட்டிருந்தார்கள். அவள் கண் கலங்கியதை மலைச்சாமி பார்த்தார். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

ஓட்டலில் நைனா முகமதே முன்னால் நின்று பரிமாறினார். ஒரே மேசையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இலை விழுந்தது. மலைச்சாமிக்கு இலையைப் பார்க்கவே நேரமில்லை. தங்கை கை சோற்றில் படுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வாய் சாப்பிட்டாள்.

"வேற என்னம்மா வேணும்?"

"நெறஞ்சுபோச்சுண்ணே, போதும்" என்றாள் நைனா முகமதுவிடம். இலையில் சோறு அப்படியே இருந்தது. பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை கரண்டியை நீட்டாமல் நகர்ந்துபோனார்.

"எப்படித்தா இருக்கு? ஒரு கொறை சொல்லு பாப்போம்!"

"ஒரு கொறையும் இல்லண்ணே." வாசல் பக்கம் பார்த்து, "மதினி வரலயா?" என்று கேட்டாள்.

"அவ எதுக்கு இங்க? வீட்டுல கெடக்கா."

சாயங்கால ரயிலுக்கே கிளம்புகிறேன் என்றாள். ரூம் போட்டிருக்கிறதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "மெத்தை எனக்கு ஒத்துக்காதுண்ணே. ஒன்னயப் பாத்தாச்சுல்ல. போறேன்." போயிட்டு வாரேன் என்று அவள் சொல்லவில்லை. அது மலைச்சாமிக்கு அப்போது உறைக்கவில்லை. துண்டை வீசி வழியனுப்பிவிட்டு, இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கிய தெம்போடு பஸ் ஏறினார்.

வீட்டில் அழகம்மாள் அவர் பேச்சை மீறிச் சமைத்து வைத்திருந்தாள். வாசல் தெளித்து, கால் கழுவச் செம்பில் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தாள். "எங்கே அவ?" என்றாள்.

"ரயிலேத்திட்டேன். நல்லாச் சாப்பிட்டா."

அழகம்மாள் உள்ளே போனாள். ஆக்கியதையெல்லாம் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டார், பதில் இல்லை. ஆனி மாதம் தந்தி வந்தது. தங்கை உடம்பின் மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு மலைச்சாமி பம்பாய் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. ஒற்றை அறை வீடு நிறையச் சனம். மாயக்காளின் மகள் முத்துத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வயித்துல கட்டின்னு டாக்டரு மார்கழியிலேயே சொல்லிட்டாரு மாமா. வைத்தியமெல்லாம் பெறகு பாத்துக்கலாம், அன்னைக்கிச் சொன்ன சொல்லோட நான் சாகக் கூடாது, எங்கண்ணன் வீட்டுல கை நனைச்சுட்டு வந்துர்றேன்னு ஒத்தையில கெளம்பிருச்சு. பசியோட போயி உக்காரணும்னு ரயில்ல வெறும் காப்பித்தண்ணிதான்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"திரும்பி வந்து நாளெல்லாம் அதே பேச்சுத்தான் மாமா. அத்தை வாசலுக்கே ஓடியாந்து கட்டிப்பிடிச்சு அழுதாகளாம். நடு வீட்டுல பாய் விரிச்சு, நீங்களே பரிமாறுனீகளாம். வயிறு நெறையச் சாப்பிட்டேன்டின்னு எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. அப்படியா மாமா?"

சனமெல்லாம் அவரைப் பார்த்தது. மூலையில் உட்கார்ந்திருந்த மாயக்காளின் புருஷனும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆமாத்தா" என்றார் மலைச்சாமி. "நான்தான் பரிமாறுனேன்." யாருக்கும் கட்டாத கோடிச் சேலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார்.