சேவலைத் தின்ற வயிறு

இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்ட பிறகுதான் வைரக்கண்ணுவுக்கு அது தன் சேவல் என்று தெரிந்தது. அதற்குள் கழுத்தெலும்பைச் சப்பியபடி, "கறின்னா இதான் கறி, பங்காளி" என்று பாராட்டியும் முடித்திருந்தான். எதிரே இரண்டு தொடைகளையும் தனியாகத் தின்று தீர்த்த அமிர்தலிங்கம், "ஒன்னுதுதான். என் கொல்லையில வந்து மேஞ்சுது, புடிச்சேன். நீயும்தானே தின்ன, அப்பறம் என்ன?" என்று ஏப்பம் விட்டான். அரியலூர்ப் பக்கம் ஏழு சேவல்களைச் சாய்த்த சேவல் அது. ஒருமுறை தண்டவாளத்தில் ரயிலை எதிர்த்து நின்றதில் ரயில்தான் நின்றது. பார்த்தவர்கள் இருந்தார்கள், என்ன, எல்லாரும் செத்துப்போனார்கள்.

அமிர்தலிங்கத்தின் வயிறு வெடிக்க வேண்டும். வேறெதுவும் வைரக்கண்ணுவுக்கு வேண்டியிருக்கவில்லை. வெள்ளியும் திங்களும் மட்டும் நடை திறக்கும் காளி கோயிலில் வெள்ளி விடியலிலேயே போய் நின்றான். அம்மன் முன்னால் குற்றத்தைச் சொல்லிக் காசை வெட்டிப் போட்டால் அவள் பார்த்துக்கொள்வாள். அவன் நீட்டிய ஓட்டைக் காலணாவின் வழியாகப் பூசாரி பூமாலை அவனையே பார்த்தார்.

"இதுல சர்க்காரே ஓட்ட போட்டுட்டான். முழுக்காசு கொண்டா. சாபம் என்னா?"

"சேவலத் தின்னவன் வயிறு வெடிக்கணும்."

"நீ தின்னியா?"

"கழுத்து மட்டும்."

"அம்மா கழுத்துன்னும் தொடைன்னும் பிரிச்சுப் பாக்கமாட்டா. தின்ன வயிறு அத்தனையும் வெடிக்கும்."

"அவன் பேர மட்டும் சொல்லிட்டா?"

"பேரெல்லாம் கோர்ட்டுக்குய்யா. இங்க குத்தந்தான்."

பிரித்துப் பார்க்கும் சாமி எங்காவது இருக்கும் என்று புறப்பட்டான். லப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலில் மோதினார் காசிம் முழுக்கதையும் கேட்டார்.

"அல்லா பேரால பிஸ்மி சொல்லி அறுத்தானா?"

"அந்தப் பய எங்கங்க சொல்லப்போறான்?"

"அப்ப அது எங்களுக்கு ஆகாத கறி. ஆகாத கறிக்கு நாங்க எப்படித் தம்பி வழக்குப் பேசறது? அதோட இது நோன்பு மாசம். பட்டினி கெடந்தாப் போதாது, நாக்கையும் கட்டிப்போடணும். பொறுமையா சபூர் செய்றவங்க பக்கந்தான் அல்லா இருப்பான்." சூரியன் விழுந்ததும் அவனையும் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினார். இரண்டு கோப்பை உள்ளே போனதும் கோபம் ஒரு சுற்று இறங்குவதை உணர்ந்து, வைரக்கண்ணு பதறி எழுந்து நடையைக் கட்டினான்.

மறுநாள் ஏலாக்குறிச்சி. கோயில் வாசலில் உபதேசியார் ஞானப்பிரகாசம் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். ஏற்றினான். பிறகுதான் பழியைப் பற்றிக் கேட்டான்.

"இங்க மன்னிக்கணுங்க. ஏழெழுபது தடவ."

"எங்கிட்ட இருந்தது ஒரே சேவலுங்க!"

"பாவசங்கீர்த்தனத்துலகூட அடுத்தவன் பாவத்தச் சொல்ல முடியாது. ஒங்க பாவத்தத்தான் சொல்லணும். தின்னீங்கல்ல?"

இந்த ஆளுக்கும் பூசாரிக்கும் கடுதாசிப் போக்குவரத்து இருக்கிறது என்று வைரக்கண்ணுவுக்கு நிச்சயமாயிற்று. திரும்பும் வழியில் ஒரு சோளக்கொல்லையில் கல் புத்தர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆடு மேய்த்த பொன்னாயியிடம், இவர் பழி வாங்கித் தருவாரா என்று விசாரித்தான்.

"ஆசதான் எல்லாத் துன்பத்துக்கும் வேருன்னு சொன்னவராம். கல்லுப் பாக்க வந்த ஆபீசரு சொன்னாரு."

"பழி வாங்குற ஆசயுமா?"

"அதுக்குன்னு தனியா விட்டுவச்சாரான்னு நான் கேக்கலியே!"

இத்தனை சாமிகளும் ஒன்றுசேர்ந்து அமிர்தலிங்கத்தின் வயிற்றுக்குக் காவல் நிற்பதாக அவனுக்குப் பட்டது. அன்றிரவு கண்ணை மூடினால் அந்த ஏப்பம் கேட்டது. தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். ஒரு கழுத்துக்கு எவ்வளவு வெடித்துவிடும்? அமிர்தலிங்கம் தின்றது தொடை, அதுவும் இரண்டு. எப்படியும் அவன்தான் முந்துவான். கண்குளிரப் பார்த்துவிட்டுத் தானும் போகலாம்.

திங்கட்கிழமை முழுக்காசாக வெட்டிப் போட்டுவிட்டு நேரே அமிர்தலிங்கம் வீட்டுக்கு வந்தான்.

"வெட்டிட்டேன் பங்காளி. தின்ன வயிறு வெடிக்கும்."

அமிர்தலிங்கத்துக்கு முகம் வெளுத்தது. "அடப்பாவி, நீயுந்தானடா தின்ன!"

"ஆமா. அதான் ஒன் வூட்டுக்கே வந்துட்டேன். மொதல்ல ஒன்னுது. இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

வாசலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அமிர்தலிங்கத்தின் பெண்சாதி ரெங்கம்மாள் கூழ் கொண்டுவந்து வைத்தாள், இருவரும் தொடவில்லை. வெயில் ஏறியது. கூழில் ஈ உட்கார்ந்தது. எங்கிருந்தோ ஒரு வயிறு கடகடவென்று உருண்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த வயிற்றையே பார்த்தார்கள்.